90-களின் ஹவுஸ் சத்தத்தில் ஒரு ட்ராக்: ஹெட்போனில் இருக்கிற கிக், பேஸ் பாக்ஸில் காணோம்

காட்பாடி லைன் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. இப்போ வர்ற புது ஹவுஸ் (க்ளப் நடன இசை) ரிலீஸ்கள்ல 90-களோட ஆர்கன் பேஸ், கணீர்னு விழுற பியானோ, 909 (ரோலண்டோட பழைய ட்ரம் மெஷின்) ட்ரம்ஸ் எல்லாம் மறுபடி கேட்குது. அந்தப் பாணியில தமிழ் வரியோட ஒரு ட்ராக் செய்துட்டு இருக்கேன். அடுத்த மாசம் காட்பாடி பக்கம் ஒரு மண்டபத்துல நிகழ்ச்சி, அங்க ஓடணும்.

எஃப்எல் ஸ்டுடியோ மென்பொருள், 124 பிபிஎம் (நிமிஷத்துக்கு 124 பீட்), எஃப் மைனர். 909 சாம்பிள்ல கிக் (கனமான அடி ட்ரம்), க்ளாப், ஓபன் ஹாட் (திறந்த ஹை-ஹாட் தட்டு). பேஸுக்கு கோர்க் எம்1 சிந்தசைசரோட ப்ளக்-இன்ல 'ஆர்கன் 2', கார்டுக்கு அதிலேயே 'பியானோ 16'. பெண் குரல் நாங்களே பதிவு செய்தது.

முதல் சிக்கல், ஸ்விங்கை (சில அடிகளைக் கொஞ்சம் தாமதமாத் தள்ளுற குமிழ்) எவ்வளவு திருப்பினாலும் ஒரு வித்தியாசமும் தெரியல. ரெண்டாவதுதான் பெருசு. சத்துவாச்சாரியில ஒரு சவுண்ட் சர்வீஸ் கோடவுன்ல லேப்டாப்பை மாட்டிக் கேட்டா கிக், பேஸ், குரல் மூணும் எங்கேயோ தூரத்துல கேட்குது. பியானோவும் ரிவெர்பும் மட்டும் முன்னாடி நிக்குது. அதே ஃபைல் ஹெட்போன்ல சரியா இருக்கு. மூணாவது, கார்டுகள் கீபோர்டு க்ளாஸ் பாடம் மாதிரி கேட்குது, புது ரிலீஸ்ல வர்ற அந்த இழுப்பு வரல. இன்னொண்ணு, நடுவுல பம்பை மேளம் சேர்க்க ஆசை. அது இந்த பீட்ல உட்காருமா?

---

ஆற்காடு 909 எழுதியது:

ஸ்விங்கை முதல்ல பார்ப்போம். ஒரு பார்ல (நாலு பீட்) 16 ஸ்டெப். ஸ்விங் தள்ளுறது 2, 4, 6, 8-னு இரட்டைப்படை ஸ்டெப்புகளை மட்டும்தான். உங்க கிக் 1, 5, 9, 13-ல. க்ளாப் 5, 13-ல. ஓபன் ஹாட் 3, 7, 11, 15-ல. எல்லாமே ஒற்றைப்படை. தள்ளுறதுக்கு அங்க ஒரு நோட்டும் இல்லை, அதனாலதான் குமிழைத் திருப்பியும் ஒண்ணும் நடக்கல.

க்ளோஸ்டு ஹாட்டை 16 ஸ்டெப்புலயும் போடுங்க. ஒற்றைப்படை ஸ்டெப்புக்கு வெலாசிட்டி (அடியோட பலம்) 80-90, இரட்டைப்படைக்கு 40-55. ரிம்ஷாட் ஒண்ணு 4-லயும் 10-லயும், ரொம்ப மெல்லமா. பேஸ்லயும் ரெண்டு நோட்டாவது இரட்டைப்படை ஸ்டெப்ல விழணும். இப்போ ஸ்விங்கைத் திருப்பிப் பாருங்க, பாட்டு நடக்க ஆரம்பிக்கும்.

எவ்வளவு வைக்கணும்? எம்பிசி (பழைய சாம்ப்ளர் மெஷின்) கணக்குல 50 என்றால் நேர், 66 என்றால் முழு ட்ரிப்ளெட். பழைய ஹவுஸ் பெரும்பாலும் 54-லிருந்து 58 வரைக்கும். எஃப்எல் குமிழோட சதவீதம் இந்த அளவுகோல் கிடையாது, அதனால சதவீதத்தை விட்டுட்டு மில்லி செகண்டைப் பிடிங்க. 124 பிபிஎம்ல ஒரு பீட் 484 மில்லி செகண்ட், ஒரு ஸ்டெப் 121. 54-னா இரட்டைப்படை ஸ்டெப் ஏறக்குறைய 10 மில்லி செகண்ட் தாமதம், 56-னா 14.5, 58-னா 19. சந்தேகமா இருந்தா பியானோ ரோல்ல கையாலயே 14 மில்லி செகண்ட் தள்ளி வைங்க, காது உடனே ஒத்துக்கும்.

அப்புறம் ஹாட். ரோலண்ட் டிஆர்-909 வந்தது 1983-ல. அதுல கிக், ஸ்னேர், க்ளாப் எல்லாம் அனலாக் சர்க்யூட். ஹை-ஹாட்டும் சிம்பலும் மட்டும் 6-பிட் சாம்பிள். ஓபன், க்ளோஸ்டு ரெண்டுக்கும் ஒரே வாய்ஸ்தான், அதனால ரெண்டும் ஒரே நேரத்துல ஒலிக்க முடியாது. க்ளோஸ்டு வந்தா ஓபன் அங்கேயே அறுபடும். அந்த அறுபடுற இடம்தான் 909 ஹாட்டோட உயிர். சாம்பிளா எடுத்து தனித்தனி சேனல்ல போட்டா ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி 'ஸ்ஸ்ஸ்'னு ஒரே இரைச்சலாயிடும். எஃப்எல்ல சேனல் செட்டிங்ல 'கட்' எண்ணை ரெண்டுக்கும் ஒண்ணா வைங்க. ஏபிள்டன் மென்பொருள்ல இதுக்குப் பேர் சோக் க்ரூப்.

கிக் பத்தி ஒரு வார்த்தை. சாம்பிள் பேக்ல வர்ற 909 கிக்ல பாதி ஏற்கெனவே நசுக்கி நசுக்கி வச்சது. அதுக்கு மேல நீங்களும் கம்ப்ரஸர் போட்டா அடியோட முனை போயிடும். ப்ராசஸ் பண்ணாத கிக்கை எடுத்து நீளத்தை மட்டும் வெட்டுங்க, 220-லிருந்து 280 மில்லி செகண்டுக்குள்ள.

---

பேஸ் பாக்ஸ் வேலூர் எழுதியது:

உங்க ரெண்டாவது சிக்கலுக்கும் மிக்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. கேபிள்தான்.

லேப்டாப்போட 3.5 மிமீ ஹெட்போன் ஜாக்லிருந்து ஒரு பக்கம் சின்னப் பின், மறுபக்கம் ஒரே ஒரு பெரிய 6.35 மிமீ ஸ்டீரியோ பின் இருக்கிற கேபிளை எடுத்து, மிக்சர்ல ஒரே சேனல் லைன் இன்புட்ல குத்தியிருப்பாங்க. அந்த இன்புட் பேலன்ஸ்டு. பின்னோட முனையில வர்ற சிக்னல்லிருந்து நடு வளையத்துல வர்றதைக் கழிச்சு எடுத்துக்கறதுதான் அதோட வேலை. உங்க கேபிள்ல முனையில இடது சேனல், வளையத்துல வலது சேனல். இடதுலிருந்து வலதைக் கழிச்சா ரெண்டுலயும் ஒண்ணா இருக்கிறது எல்லாம் பூஜ்யம். கிக், பேஸ், குரல் மூணும் நடுவுல இருக்கிறவை, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, அதனால அடிபட்டுப் போச்சு. மிச்சம் நிக்கிறது அகலமா விரிஞ்ச பியானோவும் ரிவெர்பும்தான். நீங்க சொன்ன அடையாளம் எழுத்துக்கு எழுத்து இதுவே.

உறுதி செய்யணும்னா பின்னை முழுசாக் குத்தாம ஒரு க்ளிக் வெளியே இழுத்துப் பாருங்க. திடீர்னு கிக்கும் குரலும் திரும்பி வந்தா சந்தேகமே வேண்டாம். அப்படியே விட்டு நிகழ்ச்சி நடத்தாதீங்க, யாராவது கேபிளை மிதிச்சா டமால்னு சத்தம் வந்து ஸ்பீக்கர் ட்ரைவர் போயிடும்.

சரியான கேபிள்: ஒரு பக்கம் 3.5 மிமீ ஸ்டீரியோ, மறுபக்கம் ரெண்டு மோனோ 6.35 மிமீ. ரெண்டு சேனல்ல போட்டு ஒண்ணை முழு இடது, ஒண்ணை முழு வலதுன்னு பேன் பண்ணுங்க. லேப்டாப் சார்ஜர் மாட்டினதும் 'ம்ம்ம்'னு உறுமல் வந்தா நடுவுல ஒரு ஸ்டீரியோ டிஐ பாக்ஸ். சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தா அதோட பேலன்ஸ்டு அவுட்லிருந்து ரெண்டு கேபிள் எடுக்கிறது இன்னும் நல்லது.

இப்போ கிக், பேஸ். எஃப் மைனர்ல கீழ் எஃப் 43.65 ஹெர்ட்ஸ். இங்க வாடகைக்குக் கிடைக்கிற டபுள் 18 (18 இன்ச் ஸ்பீக்கர் ரெண்டு) பாக்ஸ்ல நிறைய 45-க்குக் கீழ வேகமா இறங்கிடும். கோன் ஆடும், சத்தம் வராது, ஆம்ப்ளிஃபயர் மட்டும் சூடாகும். அதோட 909 கிக்கோட அடிநாதம் 50 ஹெர்ட்ஸ் பக்கம். 43.65-உம் 50-உம் ஒண்ணா ஓடினா நொடிக்கு ஆறு தடவை ஏறி இறங்குற ஒரு தள்ளாட்டம் வரும். பாடகியோட குரல் இடம் கொடுத்தா ஜி மைனருக்கு ஏத்துங்க: ஜி 49 ஹெர்ட்ஸ், கிக்கோட சேரும். ஏ மைனர்னா 55, அது எந்தப் பாக்ஸ்லயும் வரும். ரெண்டும் முடியலன்னா பேஸை ஒரு ஆக்டேவ் மேல வாசிங்க. ஆர்கன் 2-வோட அடையாளம் எப்படியும் 100-க்கு மேலதான் இருக்கு.

மண்டபத்துல இன்னொண்ணைக் கவனிக்கணும். டாப் ஸ்பீக்கரை ஸ்டேஜ் மேலேயும் பேஸ் பாக்ஸைத் தரையில முன்னாடியும் வைப்பாங்க. ரெண்டுக்கும் நடுவுல தூரம் 2 மீட்டர் ஆச்சுன்னா கிட்டத்தட்ட 6 மில்லி செகண்ட் வித்தியாசம். க்ராஸ்ஓவர் (டாப்பும் பேஸும் சத்தத்தைப் பிரிச்சுக்கிற இடம்) வழக்கமா 80-100 ஹெர்ட்ஸ்ல. 90 ஹெர்ட்ஸோட பாதி அலை 5.6 மில்லி செகண்ட். ஆக அந்த இடத்துல டாப்பும் பேஸும் ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும், கிக்கோட நெஞ்சுல அடிக்கிற பகுதி காணாமப் போகும். 90 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஒண்ணை பென் டிரைவ்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. அதை ஓட விட்டு, கூட்டம் நிக்கிற இடத்துல நின்னு, ஸ்பீக்கர் ப்ராசஸர்ல பேஸோட போலாரிட்டியை (ப்ளஸ்-மைனஸ் திசையை) மாத்தி மாத்திக் கேளுங்க. எது சத்தமா இருக்கோ அதுல விட்டுடுங்க. சவுண்ட் சர்வீஸ் அண்ணன்கிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சா ரெண்டு நிமிஷ வேலை.

---

ஆரணி கார்டு எழுதியது:

கார்டு பற்றி. எம்1 1988-ல் வந்த கருவி. அதன் ஆர்கன் 2-வை க்ளப் உலகமே அடையாளம் காணும்படி ஆக்கியது ராபின் எஸ் பாடிய 'ஷோ மீ லவ்' பாடலுக்கு ஸ்டோன்பிரிட்ஜ் செய்த ரீமிக்ஸ். ப்ரீசெட் உங்களிடம் சரியாகவே இருக்கிறது. வாசிக்கும் முறைதான் வேறு.

பழைய ட்ராக்குகளில் பல இடங்களில் கார்டு விரலால் மாற்றி மாற்றி வாசிக்கப்படவில்லை. ஒரே ஒரு கார்டைச் சாம்பிள் எடுத்து, அதைக் கீபோர்டின் வெவ்வேறு கட்டைகளில் அழுத்தினார்கள். அதனால் கார்டுக்குள் இருக்கும் நான்கு சுரங்களும் ஒரே இடைவெளியோடு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். இசைப் பாடப் புத்தகம் இதைத் தவிர்க்கச் சொல்லும். ஹவுஸின் இழுப்பு இதில்தான் இருக்கிறது. நீங்கள் ஒவ்வொரு கார்டையும் பக்கத்துச் சுரங்களுக்கு மென்மையாக நகர்த்தி வாசித்திருப்பீர்கள், அதுதான் பாடம் போலக் கேட்கிறது.

செய்முறை இது. ஜி மைனருக்குப் போவதாக வைத்துக்கொண்டால், பியானோ 16-ல் பி-ஃப்ளாட், டி, எஃப், ஏ நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். அடியில் ஜி வேண்டாம், அதை பேஸ் வாசிக்கும்; இரண்டும் சேர்ந்து ஜி மைனர் 9 ஆகிவிடும். எம்1-ன் உள் எஃபெக்ட்டுகளை அணைத்துவிட்டு இதை 2 நொடி ஆடியோவாக எடுங்கள். அதைச் சாம்ப்ளரில் போட்டு, டைம் ஸ்ட்ரெட்ச், வார்ப் (சுரம் மாறினாலும் நீளத்தை மாறாமல் வைக்கும் வசதிகள்) எதுவும் இல்லாமல் வாசியுங்கள். மூலக் கட்டை, அதிலிருந்து 3 அரைச்சுரம் மேலே, 5 மேலே, 2 கீழே, இந்த நான்கு போதும். மேலே போகும்போது சாம்பிள் சுருங்கி வெளிச்சமாகும், கீழே வரும்போது நீண்டு கனமாகும். வார்ப் போட்டால் இந்த மாற்றம் முழுவதும் போய்விடும்.

தாளத்துக்கு 1, 4, 7, 11, 14 ஆகிய ஸ்டெப்புகளில் வையுங்கள். 4-உம் 14-உம் ஸ்விங்கில் தள்ளப்படும், மற்றவை நேராக நிற்கும். அந்த இடைவெளி மாறிமாறி வருவது கேட்பவரின் தோளை அசைக்கும். ஒவ்வொரு அடியும் 100 மில்லி செகண்ட் அளவில் வெட்டுப்படட்டும். எட்டாவது பாரின் கடைசி அடியை மட்டும் முழுதாக ஒலிக்க விடுங்கள்.

கரகரப்பு வேண்டும் என்றால் காரணம் தெரிந்து சேர்க்கலாம். 1987-ல் வந்த எஸ்பி-1200 சாம்ப்ளர் 12-பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ், மொத்தமே 10 நொடி நினைவகம். 13 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதில் எதையும் பதிய முடியாது. உங்கள் பியானோவுக்கும் ட்ரம் லூப்புக்கும் பிட்க்ரஷரை 12 பிட், 26 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் போதும். குரலுக்கும் கிக்குக்கும் போடாதீர்கள். மாஸ்டரில் போட்டால் முழுப் பாட்டும் பழைய செல்போனில் கேட்பதுபோல் ஆகிவிடும்.

பேஸுக்கு சைட்செயின் (கிக் அடிக்கும்போதெல்லாம் பேஸைத் தணிக்கும் கம்ப்ரஸர்) வேண்டாம் என்பது என் கருத்து. அந்தக் காலப் பதிவுகளில் பேஸ் நோட்டுகள் கிக்குக்கு இடம் விட்டு எழுதப்பட்டன. 1, 5, 9, 13-ல் பேஸை வைக்காமல் 3, 4, 7, 10, 11, 15 என்று ஓட்டிப் பாருங்கள், எந்தக் கம்ப்ரஸரும் இல்லாமல் இரண்டும் தெளிவாகக் கேட்கும். சைட்செயினால் சத்தம் பெருமூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும் இப்போதைய 'பம்ப்' வேறு ஒரு பாணி.

---

பேஸ் பாக்ஸ் வேலூர் எழுதியது:

ஆரணி சொன்ன நோட் அமைப்பு அருமை, அதையே வைங்க. ஆனா சைட்செயின் விஷயத்துல மண்டபத்துக்கு நான் கொஞ்சம் இடம் கொடுப்பேன். டைல்ஸ் தரை, நாலு பக்கமும் சிமெண்ட் சுவர். அடிச்ச பேஸ் அடங்க நேரம் எடுக்கும். முந்தின நோட் இன்னும் சுத்திட்டு இருக்கும்போதே அடுத்த கிக் வரும். 2-3 டிபி மட்டும், ரிலீஸ் 100 மில்லி செகண்ட். காதுக்குப் பம்ப்பாத் தெரியக்கூடாது. வெளியிடுற பதிப்புல எடுத்துடுங்க, மண்டபப் பதிப்புல இருக்கட்டும்.

அதே காரணத்துக்காக மண்டபப் பதிப்புல ரிவெர்பைப் பாதியாக் குறைங்க. 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ எல்லாமே மோனோ. மாஸ்டரை மோனோ ஆக்கிக் கேட்கும்போது பியானோ மெலிஞ்சு போனா ஸ்டீரியோ வைடனரைக் கழட்டிடுங்க; இங்க பல இடத்துல சிஸ்டமே மோனோவாத்தான் ஓடுது.

---

காட்பாடி லைன் எழுதியது:

பேஸ் பாக்ஸ் அண்ணா, கேபிள் நீங்க சொன்னதேதான். ரெண்டு மோனோ பின் போட்டதும் கிக், குரல் எல்லாம் நடுவுல வந்து நின்னுச்சு. ஜி மைனருக்கும் மாத்தியாச்சு, பாடுறவங்களுக்கு வசதியாவே இருக்கு. பம்பை பத்தி யாராவது சொல்லுங்க. இன்னொரு கேள்வி: இதே பாணியில பழைய சினிமாப் பாட்டு ஒண்ணை ரீமிக்ஸ் பண்ணி ஆன்லைன்ல போடலாமா?

---

குடியாத்தம் தாளம் எழுதியது:

பம்பை உட்காரும், ஆனா எந்த நடையை வாசிக்கச் சொல்றீங்கன்றதைப் பொறுத்து. நம்ம பக்கம் அம்மன் கோயில் திருவிழாவுல கேட்கிற ஓட்டமான அடி நிறைய திஸ்ர நடையில இருக்கும், பீட்டுக்கு மூணு. 124-ல திஸ்ரத்தோட அடிகள் 0, 161, 323 மில்லி செகண்ட்ல விழும். உங்க ஹாட் ஸ்விங் இல்லாம 0, 121, 242, 363-ல. 121-உம் 161-உம் பக்கத்துல பக்கத்துல வந்து 'தடக்'னு இடறும். மிக்ஸ் எவ்வளவு சரி செய்தாலும் அந்த இடறல் போகாது.

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, பம்பை வர்ற 16 பார் மட்டும் ஸ்விங்கை 66-க்கு ஏத்துங்க. அப்போ ஹாட் 161, 242, 403-ல விழும். பீட்டை ஆறு சம பங்காப் பிரிச்சா திஸ்ர அடியும் ஹாட்டும் அந்தக் கட்டத்துக்குள்ளேயே வந்துடும், இடறாது. பாட்டோட நடையே அந்தப் பகுதியில மாறும், அது நல்லாவே இருக்கும். மாறும் இடத்துக்கு முன்னாடி ஒரு பார் ஹாட்டை முழுசா எடுத்துடுங்க. இன்னொண்ணு, வாசிக்கிறவர்கிட்ட சதுஸ்ர நடையில, பீட்டுக்கு நாலா, வாசிக்கச் சொல்லிப் பதிவு பண்றது. உங்க 56 ஸ்விங்கோட அது நேராப் போய் ஒட்டும்.

பதிவு பண்ணும்போது வெறும் மெட்ரோனோம் டிக்-டிக் கொடுக்காதீங்க, உங்க கிக்கும் பேஸும் ஓடுற லூப்பையே ஹெட்போன்ல கொடுங்க. ரெண்டு முழவுக்கும் தனித்தனி மைக், ஒரு சாண் தூரத்துல. மைக்ல பேட் (சத்தத்தைக் குறைக்கிற ஸ்விட்ச்) இருந்தா போட்டுடுங்க, அடி ரொம்ப உரக்க வரும். உச்சம் -12 டிபியைத் தாண்டாம இருக்கட்டும். மிக்ஸ்ல 150 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிடுங்க, கிக்கோட சண்டை போடாது. அடிகளை க்வான்டைஸ் பண்ணி நேராக்க வேண்டாம். 4 பாருக்கு ஒருமுறை முதல் அடி மட்டும் கிக்கோட சேருதான்னு பார்த்து வெட்டி நகர்த்தினாப் போதும்.

---

ஆற்காடு 909 எழுதியது:

ரீமிக்ஸ் உரிமை: பாட்டுல ரெண்டு தனி உரிமை இருக்கு. வரியும் மெட்டும் ஒண்ணு, பதிவு இன்னொண்ணு. பழைய பதிவுலிருந்து ரெண்டு நொடி எடுத்தாலும் ரெண்டு தரப்போட அனுமதியும் வேணும். மெட்டை மட்டும் நீங்களே புதுசா வாசிச்சுப் பாடினா பதிவுக்கு அனுமதி தேவைப்படாது, ஆனா மெட்டுக்கு அனுமதி வேணும். 2022-ல பியான்சே வெளியிட்ட ஹவுஸ் பாட்டுல, ஆரணி மேல சொன்ன ராபின் எஸ் பாட்டை எழுதினவங்க பேரும் சேர்ந்திருக்கறதைப் பார்க்கலாம்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்துல 2012 திருத்தத்தோட வந்த 31சி பிரிவு கவர் பதிப்புக்கு வழி கொடுக்குது: முதல் பதிவு வந்த வருஷம் முடிஞ்சு 5 வருஷம் ஆகியிருக்கணும், முன்னறிவிப்பு கொடுக்கணும், வருஷத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியை முன்கூட்டியே கட்டணும், வரியையும் மெட்டையும் இஷ்டத்துக்கு மாத்தவும் கூடாது. வீட்டுல உட்கார்ந்து செய்யறவங்களுக்கு அது கட்டுப்படி ஆகாது. உங்ககிட்ட சொந்த வரி, சொந்தக் குரல் இருக்கு. அதையே வெளியிடுங்க.

புது ரிலீஸ்ல எதைக் கேட்கணும்னா, கெர்ரி சாண்ட்லர் 2022-ல வெளியிட்ட ஆல்பத்தை முதல்ல கேளுங்க. ட்ராக்குகளை உண்மையான க்ளப்களுக்குள்ளேயே, அங்க இருக்கிற சிஸ்டத்தை வச்சு உருவாக்கினார். கிக்குக்கும் பேஸுக்கும் நடுவுல எவ்வளவு காலி இடம் விட்டிருக்கார்னு கவனிங்க. ஹனி டிஜான் 2022 ஆல்பத்துல குரலை எப்படி முன்னாடி வைக்கறாங்கன்னு பாருங்க. எதையும் உங்க ப்ராஜெக்ட்ல இழுத்துப் போட்டு, சத்தத்தை 6-8 டிபி குறைச்சு உங்களோடதுக்குச் சமமாக்கின பிறகுதான் ஒப்பிடணும். மாஸ்டர் ஆன பாட்டு உரக்க இருக்கறதாலயே நல்லா இருக்கிற மாதிரி ஏமாத்தும்.

மாஸ்டர்ல க்ளப் பதிப்பை -9 எல்யுஎஃப்எஸ் (சராசரி உரப்பை அளக்கிற அலகு) பக்கம் நிறுத்துங்க, உச்சம் -1 டிபி. அதுக்கு மேல நசுக்கினா 909 கிக்கோட முனைதான் முதல்ல சாகும். ஸ்பாட்டிஃபை எப்படியும் -14-க்கு இறக்கிடும்.

நீளம்: 124-ல 16 பார் 31 நொடி. டிஜே கலக்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் வெறும் ட்ரம்ஸ் 16 பாராவது விட்டு 6 நிமிஷப் பதிப்பு ஒண்ணு, குரல் 20 நொடிக்குள்ள வர்ற 3 நிமிஷப் பதிப்பு ஒண்ணு எடுங்க. பென் டிரைவை எஃப்ஏடி32-ல ஃபார்மேட் பண்ணுங்க, என்டிஎஃப்எஸ்-ஐப் பல டிஜே ப்ளேயர்கள் படிக்காது. டபிள்யுஏவி-யோட 320 எம்பி3-யும் அதுலயே இருக்கட்டும். அடுத்த மாசம் வேலூர் வெயில் தெரியுமில்ல, லேப்டாப்பை ஆம்ப்ளிஃபயர் ரேக் மேல வைக்க விடாதீங்க. ரேக்லிருந்து வர்ற சூட்டுல ப்ராசஸர் வேகத்தைக் குறைச்சுக்கும், பாட்டு நடுவுல படபடன்னு விட்டு விட்டு வரும்.